சுருங்கும் வெளிநாட்டு நிதி, கூர்மையாகும் சட்டம்: அடுகோடி தேவாலயங்களின் அறப்பணி எதிர்கொள்ளும் சோதனை

பெங்களூரு: கர்நாடகத் தலைநகரின் அடுகோடி, கோரமங்கலா, ஈஜிபுரா பகுதிகளில் ஏழைக் குடும்பங்களுக்குக் கல்வி, மருத்துவம், அவசரகால உதவி ஆகியவற்றை வழங்கிவரும் கிறிஸ்தவத் தேவாலயங்களும் அவற்றைச் சார்ந்த நிறுவனங்களும் அண்மை ஆண்டுகளில் இரு முனைகளிலிருந்து நெருக்கடியைச் சந்தித்து வருகின்றன. 2020ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அவற்றின் நிதி வழிகளை மாற்றியமைத்தது. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கர்நாடக மதமாற்றத் தடைச் சட்டம், உதவி என்ற செயலையே சட்டக் கண்ணோடு பார்க்க வைத்தது.

இவ்விரு சட்டங்களும் வழக்கமாகத் தனித்தனியே விவாதிக்கப்படுகின்றன. ஆனால் ஓசூர் சாலையை ஒட்டிய ஒரு குடிசைப் பகுதியில் மாலை நேரப் பாட வகுப்பு நடத்தும் சிறு அமைப்புக்கு இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்துகின்றன. பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சட்டம் கேட்கிறது. எதற்காகக் கொடுக்கிறாய் என்று மற்றொன்று கேட்கிறது.

தொழிற்சாலை போய் மென்பொருள் வந்தது

அடுகோடியின் அண்மைக்கால வரலாற்றை ஒரே வளாகத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். 1951இல் தொடங்கப்பட்ட 'மைக்கோ' எனப்படும் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆலை இங்கு அமைந்திருந்தது. 2008இல் அந்நிறுவனம் 'பாஷ்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. உற்பத்திப் பணிகள் நகருக்கு வெளியே பிடதிக்கு நகர்ந்தன. பழைய ஆலை இருந்த இடத்தில் எழுப்பப்பட்ட நவீனத் தொழில்நுட்ப வளாகத்தை 2022 ஜூன் 30 அன்று பிரதமர் நரேந்திர மோடி காணொலிச் செய்தியுடன் தொடங்கி வைத்தார்.

ஆலைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் உண்டு. தொழில்நுட்ப வளாகத்தைச் சுற்றி உருவாகும் வேலைகள் வேறு வகையானவை. காவலாளி, துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலை செய்யும் பெண், உணவு விநியோகிக்கும் இளைஞர் ஆகியோரில் பெரும்பாலோருக்கு இந்தப் பாதுகாப்புகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. கோரமங்கலாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நாள்தோறும் நடந்து செல்லும் வீட்டுப் பணியாளர்கள் பலர் ராஜேந்திர நகர், எல்.ஆர். நகர், ஈஜிபுரா ஆகிய பகுதிகளிலிருந்தே வருகின்றனர். இப்பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. கட்டடத் தொழிலுக்காகவும் துப்புரவுப் பணிக்காகவும் தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியவர்கள் இவர்களில் அடங்குவர்.

இவர்களது குடியிருப்பு எவ்வளவு நிலையற்றது என்பதை 2013 ஜனவரியில் நாடு பார்த்தது. ஈஜிபுராவில் நலிந்த பிரிவினருக்கென மாநகராட்சி கட்டிய அடுக்கு வீடுகள் சிதிலமடைந்து இடிந்த பின்னர், அதே இடத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்துவந்த சுமார் 1,500 குடும்பங்கள் புல்டோசர்கள் கொண்டு அப்புறப்படுத்தப்பட்டன. வணிக வளாகத்தையும் உள்ளடக்கிய பொது-தனியார் கூட்டுத் திட்டத்துக்காக அந்த நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. வெளியேற்றப்பட்டவர்களில் தலித்துகள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் மிகுதி. பலர் நடைபாதையிலேயே வாரக்கணக்கில் தங்கினர். இத்தகைய நேரங்களில் அரசு உதவி வந்து சேர்வதற்கு முன் சோறும் போர்வையும் கொண்டுவருவது பெரும்பாலும் அருகிலுள்ள வழிபாட்டுத் தலங்களும் தன்னார்வ அமைப்புகளுமே. தேவாலயங்களின் அறப்பணியை மதிப்பிடும் எவரும் இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரே சாலையில் பல திருச்சபைகள்

'தேவாலயம்' என்று ஒருமையில் சொல்வது அடுகோடிக்குப் பொருந்தாது. இங்கு இலத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் பெங்களூரு உயர் மறைமாவட்டப் பங்குகள் உள்ளன. கேரளத்தை மூலமாகக் கொண்ட சீரோ மலபார் திருச்சபையின் நிறுவனங்கள் உள்ளன. தென்னிந்தியத் திருச்சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் உள்ளனர். இவர்களின் நிதி ஆதாரங்களும் பணி முறைகளும் ஒன்றல்ல. அரசியல் மேடைகளில் மட்டும் அனைவரும் ஒரே பெயரால் குறிக்கப்படுகின்றனர்.

அடுகோடிக்கு அருகே ஓசூர் சாலையில் அமைந்துள்ள தர்மாராம் கல்லூரியும் கிறைஸ்ட் பல்கலைக்கழகமும் சி.எம்.ஐ. துறவற சபையால் நடத்தப்படுகின்றன. 1969இல் கல்லூரியாகத் தொடங்கி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற கிறைஸ்ட் நிறுவனம், 1999இல் சமூகச் செயல்பாட்டு மையம் ஒன்றை ஏற்படுத்தியது. குடிசைப் பகுதிக் குழந்தைகளின் படிப்புச் செலவுக்குப் பொறுப்பேற்றல், பெண்கள் சுய உதவிக் குழுக்கள், மாணவர்களைக் களப்பணியில் ஈடுபடுத்துதல் ஆகியவை அதன் பணிகள்.

இச்சபை 1831இல் கேரளத்தின் மன்னானத்தில் தோன்றியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான குரியாகோஸ் எலியாஸ் சாவறா, 2014 நவம்பர் 23 அன்று போப் பிரான்சிஸால் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஒவ்வொரு தேவாலயத்தோடும் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று 1864இல் வலியுறுத்திய சாவறா, ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு வரவைக்க 'பிடியரி' முறையைப் பரப்பினார். ஒவ்வொரு வீட்டிலும் சமையலுக்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்க வேண்டும்; அது சேர்ந்து பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவாகும். தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பின்னாளில் முன்வைத்த பிடியரிசித் திட்டமும் இதே எண்ணத்தில் அமைந்ததே. அயல்நாட்டு நிதி இல்லாமல், உள்ளூர் அடுப்படியிலிருந்து எழுந்த அறப்பணி மரபு இது. இன்றைய விவாதத்தில் இச்செய்தி மறக்கப்படுவது வியப்புக்குரியது.

சற்றுத் தொலைவில் கோரமங்கலாவில் புனித ஜான் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையால் 1963இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரியின் மருத்துவமனை 1975இல் செயல்பாட்டுக்கு வந்தது. இங்கு பட்டம் பெறும் மருத்துவர்கள், மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்த முறை இக்கல்லூரியின் அடையாளங்களுள் ஒன்று. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகளிலிருந்து உயர் சிகிச்சை தேடி வரும் தமிழக நோயாளிகளுக்கு இச்சாலை பழக்கமானது. மனநல மருத்துவத்துக்கு நிம்ஹான்ஸ், புற்றுநோய்க்குக் கித்வாய், மற்றவற்றுக்குப் புனித ஜான் என்று அவர்கள் சாலையையே பிரித்து வைத்திருக்கின்றனர்.

பெரிய நிறுவனங்களின் பணி கண்ணுக்குத் தெரிகிறது. பங்கு அளவில் நடைபெறும் பணி அவ்வாறு தெரிவதில்லை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள் பெங்களூருவின் பல பங்குகளிலும் இயங்குகின்றன. உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடுகின்றனர். கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றிவரும்; யார் எவ்வளவு இட்டார் என்பது தெரியாது. பிறகு இருவர் இருவராக ஏழைகளின் வீடுகளுக்குச் செல்கின்றனர். மாத மளிகை, முதியோர் மருந்து, ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் என்று அந்தப் பை கரைகிறது. இத்தொகை எந்த வெளிநாட்டு நிதிக் கணக்கிலும் வராது. எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் பெரிதாகத் தெரியாது. விவேக்நகர் குழந்தை இயேசு திருத்தலத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் பெருங்கூட்டத்தில் பிற மதத்தவர் பலரும் இடம்பெறுவதும் இப்பகுதியின் இயல்பைக் காட்டுகிறது.

கொரோனா பெருந்தொற்றின்போது இந்தப் பணி மிகக் கடினமான வடிவத்தை எடுத்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் உறவினர்களே நெருங்க அஞ்சிய உடல்களை அடக்கம் செய்யவும் எரியூட்டவும் பெங்களூரு உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து முன்வந்தனர். அவர்களில் இளம்பெண்களும் இருந்தனர். இறந்தவரின் மதம் பார்க்கப்படவில்லை. தேசிய அளவில், 1,000க்கும் மேற்பட்ட கிறிஸ்தவ மருத்துவமனைகளையும் சுமார் 60,000 படுக்கைகளையும் கொரோனா சிகிச்சைக்கு வழங்கத் தயார் என்று 2020 மார்ச் இறுதியில் கிறிஸ்தவ மருத்துவக் கூட்டமைப்பு மத்திய அரசிடம் தெரிவித்தது.

நிதி வழிகள் மாறியது எவ்வாறு

அதே 2020ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தத்தின் முக்கிய அம்சங்கள் நான்கு. வெளிநாட்டு நன்கொடையைப் பெறும் அமைப்பு அதை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக்கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அனைத்துத் தொகையும் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கப்படும் கணக்கிலேயே முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகிகளின் ஆதார் விவரங்கள் கட்டாயம்.

டெல்லி வங்கிக் கணக்கு விதியே அதிகம் பேசப்பட்டது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 கோடையில் கணக்குத் தொடங்க முடியாமல் பல அமைப்புகள் தவித்தன. கால அவகாசம் ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. ஆயினும் அது ஒருமுறை கடக்க வேண்டிய தடை மட்டுமே. நிலையான பாதிப்பை ஏற்படுத்தியது முதல் அம்சம்தான்.

காரணம் எளிது. அடுகோடி போன்ற பகுதியில் ஒரு சிறு அமைப்பு நேரடியாக ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ நன்கொடையாளரைத் தேடிக்கொள்வதில்லை. கத்தோலிக்கத் தரப்பில் 1962இல் நிறுவப்பட்ட காரித்தாஸ் இந்தியா போன்ற தேசிய அமைப்புகள் தொகையைப் பெற்று, மறைமாவட்டச் சமூகப் பணி சங்கங்களுக்குப் பகிர்ந்தளித்து வந்தன. அங்கிருந்து அது களத்துக்கு இறங்கியது. மேலேயுள்ள ஏரியிலிருந்து மதகு வழியாகக் கீழேயுள்ள குளத்துக்கு நீர் பாய்வது போன்ற ஏற்பாடு இது. திருத்தச் சட்டம் ஏரியைத் தொடவில்லை, மதகை மூடிவிட்டது. பெறும் அமைப்பும் முறைப்படி பதிவு பெற்றிருந்தாலும் இப்போது பகிர்வு இயலாது.

20 சதவீத வரம்பு குறித்து ஒரு விளக்கம் தேவை. மருத்துவமனை மருத்துவர்களின் சம்பளமும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளமும் நிர்வாகச் செலவாகக் கருதப்படுவதில்லை என்று விதிகளே கூறுகின்றன. எனவே பெரிய மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இதனால் பெரும் இடர் இல்லை. கணக்காளர், அலுவலக வாடகை, வாகனம் ஆகியவை வரம்புக்குள் வருகின்றன. கட்டடமும் ஆசிரியர் பட்டியலும் இல்லாமல், இரண்டு அறை வாடகையிலும் ஓர் இருசக்கர வாகனத்திலும் இயங்கும் சிறு அமைப்புக்கே இவ்விதி சுமையாகிறது. சட்டத்தின் நோக்கம் எதுவாக இருப்பினும், அது பெரியவற்றைவிடச் சிறியவற்றையே அதிகம் அழுத்துகிறது.

மத்திய அரசின் தரப்பும் கவனிக்கத்தக்கது. வெளிநாட்டு நிதி பல கைகள் மாறும்போது இறுதியில் எதற்குச் செலவானது என்பதைக் கண்டறிய முடிவதில்லை என்று அரசு வாதிட்டது. 2022 ஏப்ரல் 8 அன்று, நோயல் ஹார்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை உறுதி செய்தது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை ஆகாது என்றும், நாட்டுக்குள்ளேயே நன்கொடையாளர்களைத் தேட முடியும் என்றும் நீதிமன்றம் கருதியது. ஆதார் கட்டாயம் என்ற விதியில் மட்டும், கடவுச்சீட்டையும் அடையாளமாக ஏற்க இடமளித்தது.

திருத்தத்துக்குப் பின் நடவடிக்கைகள் தொடர்ந்தன. அன்னை தெரசா தொடங்கிய மிஷனரீஸ் ஆப் சாரிட்டி சபையின் பதிவைப் புதுப்பிக்க 2021 கிறிஸ்துமஸ் நாளன்று மறுக்கப்பட்டு, 2022 ஜனவரியில் மீண்டும் வழங்கப்பட்டது. 2024 ஜனவரியில் வேர்ல்ட் விஷன் இந்தியாவின் பதிவு ரத்தானது. அதே ஆண்டு ஏப்ரலில் 'காசா' எனப்படும் திருச்சபைகளின் துணைச் செயல்பாட்டு அமைப்பு, வட இந்தியத் திருச்சபையின் சமூகப் பணி வாரியம் உள்ளிட்ட ஐந்து அமைப்புகளின் பதிவு ரத்து செய்யப்பட்டதாகச் செய்தி வெளியானது. பதிவைப் புதுப்பிக்க விரும்புவோர் காலாவதிக்குக் குறைந்தது நான்கு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

உள்ளூரில் நன்கொடையாளரைத் தேடலாம் என்ற நீதிமன்றத்தின் கூற்று கோரமங்கலாவுக்குப் பொருந்த வேண்டும். 2007இல் பிளிப்கார்ட் பிறந்த பகுதி இது. புத்தொழில் நிறுவனங்களின் செல்வம் தெருவுக்குத் தெரு தென்படுகிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் அந்த நிதி எண்ணிக்கையில் காட்டத்தக்க திட்டங்களையே நாடுகிறது. இத்தனை கணினிகள், இத்தனை கழிப்பறைகள், பயிற்சி பெற்றோர் இத்தனை பேர் என்று அறிக்கை எழுத முடிய வேண்டும். கணவர் இறந்த வீட்டுக்கு மூன்று மாத வாடகை கட்டுவதையோ, அடக்கச் செலவையோ, மது அடிமைத்தனத்தால் சிதைந்த குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் சென்று பார்ப்பதையோ அந்த அறிக்கையில் ஏற்றுவது கடினம். அறப்பணியின் பெரும்பகுதி இத்தகையதே. நிறுவன நிதியும் அயல்நாட்டு நிதியும் கைவிடும் இடத்தில் மீண்டும் அந்தச் சுற்றிவரும் பையே மிஞ்சுகிறது.

'ஆசை காட்டுதல்' என்றால் என்ன?

கர்நாடக மதச் சுதந்திர உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பரில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. 2022 மே மாதம் அவசரச் சட்டமாகப் பிறப்பிக்கப்பட்டு, செப்டம்பரில் மேலவையின் ஒப்புதலையும் பெற்றது. கட்டாயம், மோசடி, ஆசை காட்டுதல் ஆகியவற்றின் மூலம் மதம் மாற்றுவோருக்கு 3 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க அது வழி செய்கிறது. மாற்றப்படுவோர் சிறார், பெண்கள், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருப்பின் தண்டனை 10 ஆண்டுகள் வரை நீளும்.

அறப்பணியைப் பொறுத்தவரை 'ஆசை காட்டுதல்' என்ற சொல்லின் வரையறையே மையமானது. பரிசு, பணம், வேலைவாய்ப்பு, மேம்பட்ட வாழ்க்கை முறை ஆகியவற்றோடு, மத அமைப்பு நடத்தும் பள்ளியில் இலவசக் கல்வியும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. மதமாற்ற நோக்கம் இருந்தால் மட்டுமே குற்றம் என்பது சட்டத்தின் வாசகம். எனினும் நோக்கம் இல்லை என்று நிறுவும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மீதே வைக்கப்பட்டுள்ளது. உறவினர் மட்டுமின்றி, உடன் பணிபுரிவோரும் புகார் அளிக்கலாம். ஒரு குழந்தைக்குக் கட்டணம் கட்டியவர், ஐந்து ஆண்டுகள் கழித்து அக்குடும்பம் திருமுழுக்குப் பெற்றால், அன்று தம் மனத்தில் என்ன இருந்தது என்பதை எவ்வாறு நிரூபிப்பார்?

காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தபின் 2023 ஜூன் 15 அன்று இச்சட்டத்தைத் திரும்பப் பெற கர்நாடக அமைச்சரவை முடிவு செய்தது. தேசிய அளவில் சட்டப் போராட்டம் வேறொரு தளத்தில் நடைபெறுகிறது. மதத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977ஆம் ஆண்டு ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மாநிலச் சட்டங்கள் அனைத்தும் இத்தீர்ப்பையே அடிப்படையாகக் கொள்கின்றன. கிறிஸ்தவர்கள் மீதான தாக்குதல்கள் குறித்துப் பெங்களூரு பேராயர் பீட்டர் மச்சாடோ 2022இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2025 ஜூலை 25 அன்று சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கேரளத்தைச் சேர்ந்த இரு கன்னியாஸ்திரிகள் கைது செய்யப்பட்டு, ஆகஸ்ட் 2 அன்று ஜாமீன் பெற்றனர். அதே ஆண்டு அக்டோபரில், உத்தரப் பிரதேச மதமாற்றச் சட்டத்தின் கீழ் பதிவான சில வழக்குகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

மதமாற்றக் குற்றச்சாட்டுக்கு எதிராகத் திருச்சபைகள் பொதுவாக மக்கள்தொகைக் கணக்கையே சான்றாகக் காட்டுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், கர்நாடகத்தில் 1.87 சதவீதம். வலுவான வாதம்தான், முழுமையானது அன்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவத்தைத் தழுவும் தலித்துகள் பட்டியல் சாதித் தகுதியை இழக்கின்றனர். ஆகவே சிலர் நம்பிக்கையில் ஒன்றாகவும் ஆவணத்தில் வேறாகவும் வாழ நேர்கிறது என்பது நீண்டகாலமாகப் பேசப்படும் உண்மை.

ஈஜிபுராவின் தமிழ் தலித் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு இந்த இழப்பு இரட்டிப்பாகிறது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக அறிவிக்கப்பட்டவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கு அதே சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மதத்தால் ஒருமுறை, எல்லையைக் கடந்ததால் மறுமுறை. அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காத அந்தக் குழந்தைக்கே தேவாலயத்தின் உதவி இன்றியமையாததாகிறது. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குப் பின்னர் கால நீட்டிப்பும் வழங்கப்பட்டது.

திருச்சபைகளை நோக்கிய கேள்விகள்

வெளியிலிருந்து வரும் நெருக்கடியைப் பேசும்போது உள்ளிருந்து எழும் கேள்விகளை ஒதுக்கிவிட முடியாது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, கிறிஸ்தவப் பள்ளிகளில் பயில்வோரில் 74 சதவீதம் பேர் கிறிஸ்தவர் அல்லாதோர் என்று கூறியது. சேவை மதம் பார்ப்பதில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். அதே அறிக்கை, சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய மாணவர்கள் 8.76 சதவீதம் மட்டுமே என்றும் தெரிவித்தது. ஆணையத்தின் நோக்கம் குறித்துத் திருச்சபைத் தரப்பில் ஐயம் எழுப்பப்படலாம். எனினும், பெங்களூருவின் புகழ்பெற்ற கிறிஸ்தவப் பள்ளிகளின் வாயிலில், அடுத்த தெருக் குடிசையிலிருந்து எத்தனை குழந்தைகள் நுழைகின்றனர் என்ற வினா அதனால் மறைந்துவிடாது.

ஏழைக் குழந்தைகளுக்கு 25 சதவீத இடம் என்ற கல்வி உரிமைச் சட்ட விதியிலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014 மே மாதம் பிரமதி வழக்கில் விலக்கு அளிக்கப்பட்டது. அத்தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியுள்ளது. அறப்பணியைத் தம் அடையாளமாகக் கொள்ளும் திருச்சபைகள், சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்காமல் இவ்விடங்களைத் தாமே திறந்துவிட்டிருந்தால் இன்று அவர்களின் வாதம் இன்னும் வலுவாக ஒலித்திருக்கும்.

உதவி வேறு, உரிமை வேறு என்ற விவாதமும் புதிதன்று. சென்னையில் பிறந்து பெங்களூருவைக் களமாகக் கொண்ட ரூத் மனோரமா, 1985இல் 'விமன்ஸ் வாய்ஸ்' அமைப்பைத் தொடங்கி, குடிசைப் பகுதிப் பெண்களையும் வீட்டுப் பணியாளர்களையும் திரட்டினார். கிறிஸ்தவப் பின்னணியில் வளர்ந்த தலித் பெண்ணான அவர், 2006இல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதைப் பெற்றார். அரிசிப் பை வழங்குவதோடு நில்லாமல் கூலியைக் கேட்கக் கற்பித்த பணி அது. இத்தகைய இயக்கங்களின் அழுத்தத்துக்குப் பின், வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்த முதல் மாநிலமாக 2004இல் கர்நாடகம் ஆனது. சுற்றிவரும் பை ஒரு குடும்பத்தின் ஒரு மாதத்தைக் காப்பாற்றும். ஊதிய அறிவிக்கை, அது நடைமுறைப்படுத்தப்படுமாயின், அந்தப் பையின் தேவையையே குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஆனால் திருச்சபைகளின் கவனமும் நிதியும் முன்னதற்கே எளிதாகச் செல்கின்றன. பின்னதில் அரசையும் முதலாளிகளையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இடிக்கப்பட்ட ஈஜிபுராவில் போர்வை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை.

அரசே பொறுப்பேற்கும்போது

சேவைகளை அரசு நேரடியாக ஏற்பதே தீர்வு என்ற கருத்தும் உண்டு. அதற்கு அண்மை எடுத்துக்காட்டு 1098 குழந்தைகள் உதவி எண். 1980இல் சலேசிய சபையைச் சேர்ந்த குருமாணவர்கள் தொடங்கிய 'போஸ்கோ' அமைப்பு, பெங்களூருவின் தெருவோரக் குழந்தைகளுக்காகப் பணியாற்றுகிறது. 1098 சேவையின் பங்காளி அமைப்புகளில் ஒன்றாகவும் இருந்தது. 2023இல் அச்சேவையை மத்திய, மாநில அரசுகள் தம் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து, 112 அவசர எண்ணோடு இணைத்தன. பொறுப்பு அரசுடையது என்பது கொள்கையளவில் சரியானதே. ஆயினும் ரயில் நிலைய நடைமேடையில் ஒரு சிறுவனின் பெயரைச் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகிய களப்பணியாளரை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. ஒப்பந்தப் பணியாளர்களை நியமிக்கும் முறையில் அந்தப் பழக்கம் கைமாறுவதில்லை.

இதனிடையே, வீட்டுப் பணியாளர்களுக்காகத் தனிச் சட்டம் இயற்றுவது குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கர்நாடக அரசு 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு மசோதா, பணியாளர்களைப் பதிவு செய்வதையும், ஊதியத்தில் 5 சதவீதம் வரை வேலை தருவோரிடமிருந்து நல நிதியாகப் பெறுவதையும் முன்மொழிந்துள்ளது. வரைவில் கூறப்பட்டுள்ள பதிவு தொடங்கினால், கோரமங்கலாவின் அடுக்குமாடிகளுக்கு அடுகோடியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பும் பெண்களின் பெயர்கள், அவர்களின் மதமோ பிறந்த மாநிலமோ தடையாக நிற்காமல், ஓர் அரசுப் பட்டியலில் தொழிலாளர் என்ற தலைப்பின் கீழ் இடம்பெறும்.